பங்களிக்காதவை: ஓர் ஆலைக் கிராமத்தை வாசித்தல்

1

அமெரிக்காவில் ஒரு பழைய கட்டடத்தை வரலாற்றுச் சிறப்பிடங்களின் தேசியப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன் அது ‘சிதையாமல்’ இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சிதையாமைக்கு ஏழு கூறுகள். இருப்பிடம், வடிவமைப்பு, சூழல், கட்டுபொருள், வேலைப்பாடு, உணர்வு, தொடர்பு. முதல் ஐந்தையும் ஓரளவு தொட்டுப் பார்க்கலாம், அளக்கலாம். ஆறாவதாக வருகிற ‘உணர்வு’ எதைக் குறிக்கிறது? அந்தக் காலத்தின் உணர்வை அந்த இடம் இன்றும் எழுப்புகிறதா என்பதுதான் கேள்வியாம். அரசாங்கப் படிவத்தில் உணர்வுக்கு இடமா என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் யாருக்குள் எழுப்புகிறது என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு படிவம் சாதுவாக இருப்பதில்லை. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இந்தப் பதிவேட்டை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான்.

இன்னொரு சொற்ஜோடியும் உண்டு. ஒரு தெருவையோ கிராமத்தையோ வட்டாரமாகச் சேர்த்துப் பதிவுசெய்யும்போது உள்ளே இருக்கிற ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு முத்திரை குத்துகிறார்கள். ஒன்று ‘பங்களிப்பது’, மற்றது ‘பங்களிக்காதது’. குறிப்பிட்ட காலகட்டத்துக்குள் கட்டப்பட்டு, பெரிதாக உருமாறாமல் நின்றால் பங்களிக்கிறது. காலகட்டம் தப்பினாலோ, சுவரை இடித்து, தாழ்வாரத்தை அடைத்து, தகரத்தைச் சாத்தி அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டாலோ பங்களிக்கவில்லை. காசில்லாதவன் வீடு எந்தக் காலத்திலும் ஒட்டுப்போட்டபடிதான் இருக்கும். கல்லிலும் செங்கல்லிலும் கட்ட முடிந்தவனுடையதுதான் 200 வருஷம் நிற்கும். ஆக, சிதையாமை என்கிற அளவுகோலுக்குள்ளேயே ஒரு வர்க்கக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. யாரும் சதிசெய்து உட்காரவைத்ததில்லை. அதனாலேயே அதைக் கிளப்புவது சிரமம்.

2

வர்ஜீனியா மாநிலத்தின் வடகோடியில் இருப்பது லவுடன் கவுன்டி. அங்கே கடாக்டின் ஓடையின் தென்கிளைக் கரையில் வாட்டர்ஃபோர்டு என்கிற கிராமம். 1733 வாக்கில் பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஏமஸ் ஜானி என்கிற குவாக்கர் அங்கே குடியேறி ஓடையில் ஓர் ஆலை வைத்தார். ஊரின் முதல் பெயரே ஜானியின் ஆலை. ஆலையைச் சுற்றி ஊர், ஊரைச் சுற்றிக் கோதுமை. 1970இல் கிராமத்தையும் சுற்றியிருக்கிற பண்ணைகளையும் சேர்த்து 1400 ஏக்கருக்குமேல் தேசிய வரலாற்று அடையாளமாக அறிவித்தார்கள். நாட்டின் ஆக உயர்ந்த தகுதி அது.

சில வருஷங்களுக்கு முன் ஓர் அக்டோபரில் நான் அங்கே போனேன். கூட்டிப்போன நண்பர் அதே கவுன்டியில் ஆஷ்பர்னில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். “இதுல பார்க்க என்ன தோழர் இருக்கு? நம்ம ஊர்ல இல்லாத பழைய வீடா?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். மேட்டில் காரை நிறுத்தியதும் அவரும் பேச்சை நிறுத்திவிட்டார். சரிவில் இறங்குகிற ஒற்றைத் தெரு, கல்வீடுகள், செங்கல் வீடுகள், கடைசியில் உயரமாக ஆலை, அதற்கப்பால் மேய்ச்சல் நிலம், ஓடைக்கரை மரங்கள். கண்ணை உறுத்த ஒன்றும் இல்லை. படிவத்தின் ஆறாவது கூறு எனக்குள்ளும் வேலைசெய்துவிட்டது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

‘லேண்ட்ஸ்கேப்’ என்பதை நாம் நிலக்காட்சி என்று தமிழாக்கி வைத்திருக்கிறோம். தற்செயலாகவோ என்னவோ, உண்மை அந்தச் சொல்லில் வந்துவிட்டது. உழுகிறவருக்கு அது வயல், கொல்லை, மேய்ச்சல். ‘காட்சி’ ஆவது விலகி நின்று பார்க்கிற இன்னொருவருக்குத்தான். கிராமத்தையும் நகரத்தையும் பற்றி ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் எழுதிய நூலின் ஆதாரமான வாதங்களில் ஒன்று இது. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 1980களின் இறுதியில் கிராமப்புற வரலாற்று நிலக்காட்சிகளை மதிப்பிட ஒரு வழிகாட்டி தயாரித்தது. பதினொரு இயல்புகளைப் பட்டியலிடுகிறது அது. நிலத்தைப் பயன்படுத்தும் விதம் முதலாக நாலு செயல்முறைகள். பாதை, வேலி, மரஞ்செடி, கட்டடம், சின்னஞ்சிறு பொருட்கள் என்று ஏழு பருப்பொருட்கள். நேர்மையான வழிகாட்டிதான். வீட்டை மட்டும் பார்க்காதே, வேலியையும் பார் என்று சொன்னதே பெரிய விஷயம். ஆனால் வேலி நின்றால் போதும், வேலி போட்டவன் நிற்கவேண்டியதில்லை. பதிவேட்டின் இலக்கணத்தில் எழுவாய் எப்போதும் ஒரு பொருள்.

3

வாட்டர்ஃபோர்டின் கதையை நல்ல கதையாகச் சொல்வது சுலபம். குவாக்கர்கள் அடிமைமுறையை எதிர்த்தவர்கள். அடிமைகளை விடுவிக்க வர்ஜீனியா 1782இல் சட்டபூர்வமாக வழி திறந்தபோது அதைப் பயன்படுத்திக்கொண்டவர்கள். 1806இல் இன்னொரு சட்டம் வந்தது. விடுதலையானவர் 12 மாதத்துக்குள் மாநிலத்தைவிட்டே போய்விட வேண்டும். இருந்தும் லவுடனில் சுதந்திரக் கறுப்பர்களின் சமூகம் ஒன்று தாக்குப்பிடித்தது. சாமுவேல் ஜானி என்கிற லவுடன் குவாக்கர் அடிமைமுறையை எதிர்த்து எழுதியதற்காக 1850 வாக்கில் லீஸ்பர்க் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, தானே வாதாடி மீண்டார். உள்நாட்டுப் போரில் வர்ஜீனியா தெற்கோடு போனபோது வாட்டர்ஃபோர்டின் ஆலைக்காரர் சாமுவேல் மீன்ஸ் 1862இல் வடக்கின் பக்கம் லவுடன் ரேஞ்சர்ஸ் என்கிற குதிரைப்படையைத் திரட்டினார். ஊரின் மூன்று இளம் குவாக்கர் பெண்கள் 1864-65இல் ஒன்றியத்தை ஆதரித்து ஒரு பத்திரிகை நடத்தினார்கள். கடைசியில் 1864 நவம்பர் இறுதியில் அதே ஒன்றியத்தின் படைதான் வந்து, எதிரிக்குத் தீனி கிடைக்கக்கூடாதென்று லவுடன் பள்ளத்தாக்கின் தானியக் கொட்டகைகளையும் ஆலைகளையும் எரித்தது. விசுவாசமான குவாக்கரின் கொட்டகையும் சேர்ந்தே எரிந்தது.

எல்லாம் நடந்தவை. ஊருக்குள் வழிகாட்டுகிறவர்கள் நன்றாகவே சொல்கிறார்கள். எனக்கு இடிப்பது வேறு. 1860 மக்கள்தொகைக் கணக்கில் லவுடனில் 21,774 பேர். அதில் 5,501 பேர் அடிமைகள், 1,252 பேர் சுதந்திரக் கறுப்பர்கள். நூற்றுக்கு முப்பதுக்கும் மேல் கறுப்பர்கள். குவாக்கர் கிராமம் ஒரு தீவு. சுற்றியிருந்த கடல் அடிமை உழைப்பு. பக்கத்துப் பண்ணையின் கோதுமை ஆலைக்கு வரும்போது அதை அறுத்த கை யாருடையது என்று கல் கேட்காது.

மாவு எங்கே போனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லவுடன் மண் ஓய்ந்துபோயிருந்த காலத்தில் ஜான் பின்ஸ் என்கிற விவசாயி ஜிப்சம் தூவி, குளோவர் தீவனப்பயிர் விதைத்து, ஆழ உழுது அதை மீட்டார். 1803இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். ‘லவுடன் முறை’ என்று அதற்குப் பெயர். மீண்ட மண்ணில் விளைந்த கோதுமை மாவாகி, பீப்பாயில் அடைபட்டு அலெக்சாண்ட்ரியா துறைமுகத்துக்குப் போனது. அந்தத் துறைமுகத்து மாவின் முக்கியச் சந்தைகளில் ஒன்று மேற்கிந்தியத் தீவுகள். முழு நிலத்தையும் கரும்புக்குக் கொடுத்துவிட்டு வயிற்றுக்கு வெளியூரை நம்பிய அடிமைத் தோட்டங்கள் அவை. குவாக்கர்களைக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அடிமை உழைப்பில் வந்த சர்க்கரையையும் பருத்தியையும் தொடமாட்டோம் என்று இயக்கம் நடத்தியவர்கள் அவர்களில் உண்டு. சொல்லவருவது என்னவென்றால், 1400 ஏக்கருக்குக் கோடு கிழித்து ‘இதுதான் வரலாற்று வட்டாரம்’ என்னும்போது அந்தப் பீப்பாய் கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. வட்டாரத்தின் எல்லை நில அளவையின் எல்லை. ஆலையின் எல்லை கரீபியக் கடல்வரை இருந்தது.

4

ஆலைக்குள் போவோம். இப்போது நிற்கிற செங்கல் ஆலை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. அந்தக் காலத்து வணிக ஆலைகளைப் புரிந்துகொள்ள ஆலிவர் எவன்ஸைத் தெரிந்திருக்க வேண்டும். தானியத்தை மேல்மாடிக்குத் தூக்க வாளிகள் கோத்த வார்ப்பட்டை, பக்கவாட்டில் நகர்த்த மரத்திருகு என்று கோதுமை உள்ளே விழுந்ததிலிருந்து மாவு வெளியே வரும்வரை மனிதக் கை படாமல் செய்கிற ஏற்பாட்டை வடிவமைத்தவர் அவர். 1790இல் அமெரிக்காவின் மூன்றாவது காப்புரிமை அவருக்குத்தான் கிடைத்தது. 1795இல் வெளியான அவருடைய கையேடு ஆலைக்காரர்களின் வேதம்.

அந்த ஏற்பாட்டில் ஒரு கருவியின் பெயர் ‘ஹாப்பர் பாய்’. கல்லிலிருந்து வருகிற மாவு சூடாகவும் ஈரப்பதத்தோடும் இருக்கும். அதை மேல்தளத்தில் பரப்பி, கிளறி, ஆறவைத்து, சல்லடைக்குப் போகும் துவாரத்தை நோக்கித் தள்ள வேண்டும். முன்பு கையில் வாரிக்கொம்போடு ஒரு பையன் நாளெல்லாம் செய்த வேலை. எவன்ஸ் அங்கே சுழல்கிற ஒரு மரவாரியை வைத்தார். பையன் போனான், அவன் பெயர் மட்டும் கருவிமேல் ஒட்டிக்கொண்டது. பழைய ஆலைகளுக்குப் போனால் இன்றைக்கும் கைகாட்டிச் சொல்வார்கள், இதுதான் ஹாப்பர் பாய் என்று. மரத்துண்டைக் காட்டி. கோட்பாட்டுப் புத்தகம் எதுவும் வேண்டாம். உழைத்தவன் வெளியேறி, அவனைக் குறித்த சொல் பொருளாகி, பொருள் அருங்காட்சியகமாகிற முழுப் பயணமும் அந்த ஒரு பெயருக்குள் இருக்கிறது.

ஆனால் எந்திரம் வந்ததால் ஆலையில் ஆளே இல்லாமல் போய்விடவில்லை. மூட்டை இறக்க, பீப்பாய் செய்ய, வண்டி ஓட்ட, வாய்க்கால் தூர்வார, தேய்ந்த கல்லைக் கொத்திக் கூராக்க ஆட்கள் வேண்டும். கல் கொத்துகிறவரின் புறங்கையில் இரும்புத் துகள் தெறித்து ஏறி நீலப்புள்ளியாக நிற்கும். அதைக் காட்டச் சொல்லித்தான் அவருடைய அனுபவத்தை எடைபோடுவார்கள் என்பது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆலைத்தொழிலில் வழங்கிவந்த பேச்சு. ஏழு கூறுகளில் ஒன்றான ‘வேலைப்பாடு’ அந்தப் புறங்கையைக் கணக்கில் எடுப்பதில்லை. செங்கல் வரிசையின் நேர்த்தியை எடுக்கிறது.

5

இரண்டாம் தெருவில் ஓர் அறை மட்டுமே கொண்ட வெள்ளை மரக்கட்டடம் இருக்கிறது. போர் முடிந்த சூட்டோடு ஊரின் கறுப்பர்கள் ஒரு குவாக்கரிடமிருந்து விலைக்கு வாங்கிய நிலம். 1867இல் அதில் பள்ளிக்கூடம் எழுந்தது. குவாக்கர்களும் விடுதலையானோர் நலனுக்கான அரசு அமைப்பும் உதவினார்கள். முதல் ஆசிரியை சாரா ஸ்டீர், போர்க்காலத்தில் பத்திரிகை நடத்திய மூவரில் ஒருவர். 1957வரை, தொண்ணூறு வருஷம், கறுப்புப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். 1891இல் அந்தச் சமூகம் தனக்கென ஒரு தேவாலயமும் கட்டிக்கொண்டது, ஜான் வெஸ்லி தேவாலயம். இவையும் வட்டாரத்துக்குள்தான் நிற்கின்றன. மறைக்கவில்லை, பூட்டிவைக்கவில்லை. மரியாதையாகத்தான் பேணுகிறார்கள்.

அந்தப் பள்ளியில் ஒரு நிகழ்ச்சி நடத்தி வந்திருக்கிறார்கள். கவுன்டிப் பள்ளிகளின் பிள்ளைகள் ஒரு நாள் வந்து 1880இல் அங்கே படித்த கறுப்புப் பிள்ளைகளாக இருந்து பார்ப்பது. பொதுவாக ஒரு கறுப்புப் பிள்ளையாக அல்ல. ஆளுக்கொரு உண்மையான மாணவரின் பெயரை ஏற்று, பலகையில் எழுதி, அந்தக் காலத்துப் பாடத்தைப் படிக்க வேண்டும். இதைப் பற்றி எனக்கு இரண்டு மனம். அடிமைமுறையைப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகத் தாண்டிப்போகிற பிள்ளைக்கு ஒரு பெயர் கிடைக்கிறது, சும்மா இல்லை அது. லவுடன் பள்ளிகளில் நம் சாப்ட்வேர்க்காரர்களின் பிள்ளைகள் ஏராளம். சாதிப் பெயரை வாலாட்டிக்கொண்டு வந்த வீட்டுப் பிள்ளை ஒரு நாளாவது இன்னொருவன் பெயரில் உட்காரட்டுமே என்றுகூட எனக்கு ஒரு குரூர ஆசை. ஆனாலும் உறுத்துகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஊரில் ஒரு கணிசமான பகுதியாக இருந்த கறுப்பர்கள் 20ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ முழுக்க வெளியேறிவிட்டார்கள். பெயர்கள் கிராமத்தில் இருக்கின்றன, பெயருக்குரியவர்களின் பேரப்பிள்ளைகள் வேறெங்கோ. ஹாப்பர் பாய் விவகாரமேதான்.

ஏன் வெளியேறினார்கள் என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. ரயில்பாதை ஊரைத் தொடாமல் போனது. மினியாப்பொலிஸின் உருளை ஆலைகள் வந்தபின் கல் ஆலைக்கு மதிப்பில்லை. வாஷிங்டனில் வேலை இருந்தது. ஊர் மெல்லத் தூங்கிவிட்டது. அந்தத் தூக்கம்தான் அதைக் ‘காப்பாற்றியது’. புதிதாகக் கட்ட யாரிடமும் பணம் இல்லாததால் பழையது நின்றது. 1930களில் சேம்பர்லின் என்கிற வசதியான சகோதரர்கள் வீடுவீடாக வாங்கிப் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். 1943இல் வாட்டர்ஃபோர்டு அறக்கட்டளை உருவானது. அடுத்த வருஷத்திலிருந்து அக்டோபர் கைவினைத் திருவிழா, அதில் பழைய வீடுகளை டிக்கெட் வாங்கிச் சுற்றிப்பார்க்கும் ஏற்பாடு. வறுமை பேணிய சுவரை வசதி வாங்கியது. வறுமைக்குரியவர்கள் சுவரோடு சேர்த்து விலைபோகவில்லை, அவ்வளவுதான்.

6

இங்கே கட்டுடைத்து முடித்துவிட்டு, ‘பாரம்பரியப் பாதுகாப்பு என்பது மேட்டுக்குடிக் கதையாடல்’ என்று ஒரு வரி எழுதி, கையைக் கழுவிக்கொள்ள முடியும். அப்படி நாம் எழுதிய கட்டுரைகள் கொஞ்சமா? என்னால் இந்தமுறை முடியவில்லை. காரணம் அந்த மேட்டிலிருந்து கிழக்கே திரும்பினால் தெரிகிறது.

1970இல் லவுடனின் மக்கள்தொகை 37,150. 2020இல் 4,20,959. 1962இல் திறந்த டல்லஸ் விமான நிலையம் முதலில் இழுத்தது. பிறகு இணையம். ஆஷ்பர்னைச் சுற்றி ஜன்னலில்லாத பெட்டிகளாக எழுந்து நிற்கிற தரவு மையங்கள் உலகத்திலேயே அடர்த்தியான கூட்டம். நாம் எழுதுவதும் படம் அனுப்புவதும் அங்கே எங்கோ அரைபடுகிறது. என் நண்பரின் சம்பளம் வருவதும் அந்தத் தொழிலிலிருந்துதான். அந்த ஆலைகளுக்கு ஓடைத்தண்ணீர் போதாது. 2023இல் அவற்றின் மின்பசிக்காகப் புதிய உயரழுத்தத் தடம் ஒன்று மேற்கு லவுடன் வழியாக வாட்டர்ஃபோர்டுப் பக்கம் வருவதாகத் திட்டம் வந்தது. ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். ஏற்கனவே கம்பி போகிற வழியை ஒட்டிய மாற்றுப்பாதை பின்பு முன்வைக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் கையில் இருந்த ஆயுதங்களில் ஒன்று 1970ஆம் ஆண்டின் அந்தத் தகுதி.

பலமான ஆயுதம் என்று நினைத்துவிட வேண்டாம். பதிவேட்டில் ஏறிய வீட்டை அதன் சொந்தக்காரர் தன் காசில் இடித்தால் தேசியச் சட்டம் தடுக்காது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட வேலை என்றால் பாதிப்பை ஆராய்ந்துவிட்டுச் செய் என்கிறது, அதற்கு மேல் இல்லை. உண்மையான பூட்டு வேறு இடத்தில். நிலத்தைத் துண்டுபோடமாட்டேன், கட்டமாட்டேன் என்று உரிமையாளர் நிரந்தரமாக எழுதிக்கொடுக்கிற ‘ஈஸ்மென்ட்’ பத்திரம் அது. அப்படி எழுதிக்கொடுப்பவருக்கு 2000 முதல் வர்ஜீனியா வருமானவரிச் சலுகை தருகிறது, அதைப் பிறருக்கு விற்கவும் செய்யலாம். நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். வயல் வயலாக நிற்பது பெரும்பாலும் இதனால். ஆனால் இந்தக் காப்பு முழுவதும் நிலப்பத்திரத்தின் வழியே ஓடுகிறது. பத்திரம் வைத்திருப்பவரின் நினைவு வரிச்சலுகையோடு பாதுகாக்கப்படுகிறது. அதே வயலில் மூன்று தலைமுறை அறுத்தவரின் வாரிசுக்கு எழுதிக்கொடுக்க ஒன்றும் இல்லை, ஆகவே சலுகையும் இல்லை, அந்த வயலைப் பற்றிக் கூட்டம் கூடினால் நாற்காலியும் இல்லை.

7

அதே வர்ஜீனியாவில், தெற்கே, பக்கிங்ஹாம் கவுன்டியில் யூனியன் ஹில் என்றொரு இடம். விடுதலையானவர்கள் உருவாக்கிய குடியிருப்பு. அட்லாண்டிக் கோஸ்ட் எரிவாயுக் குழாய்த் திட்டத்தின் அழுத்த நிலையத்தை அங்கே வைக்க முடிவுசெய்தார்கள். இடம் ஒரு பழைய அடிமைப் பண்ணையின் நிலம். திட்டத் தரப்பு கவுன்டியின் சராசரியைக் காட்டி, ஆளரவம் குறைந்த பகுதி என்றது. வாட்டர்ஃபோர்டு மாதிரி கண்ணுக்கு நிறைவான தெரு அங்கே இல்லை. சிதறிக் கிடக்கிற சாதாரண வீடுகள், நகர்த்தக்கூடிய வீடுகள், பெயர் வெட்டாத கல் மட்டும் நட்ட புதைகுழிகள். ஏழு கூறுகளைக் கையில் வைத்துக்கொண்டு போனால் பாதி ‘பங்களிக்காதவை’ என்று திரும்பிவிடலாம்.

ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? தன்னார்வலர்களையும் ஒரு மானிடவியலாளரையும் சேர்த்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டிக் கணக்கெடுத்தார்கள். எத்தனை பேர், என்ன இனம், யாருக்கு என்ன நோய், யார் யாருடைய வழிவந்தவர். சராசரி சொன்னதைவிடப் பலமடங்கு அடர்த்தி, பெரும்பான்மை கறுப்பர்கள், பலர் அந்த மண்ணில் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததி. 2016இல் மாநிலத்தின் ஒரு பாதுகாப்பு அமைப்பு யூனியன் ஹில்லை ஆபத்திலுள்ள வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்த்தது. மாநில வாரியம் 2019இல் அனுமதி கொடுத்தது. 2020 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தக் கணக்கெடுப்பை வாரியம் சரியாக எடைபோடவில்லை என்பதும் தீர்ப்புக்கான காரணங்களில் சேர்ந்தது. ஜூலையில் திட்டமே கைவிடப்பட்டது. குழாய் போகாததற்கு வேறு பல வழக்குகளும் செலவும் காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கதவு தட்டலுக்கு அளவுக்கு மீறிய மகுடம் சூட்ட எனக்கு விருப்பமில்லை.

என் கவனம் அதன் இலக்கணத்தில். அங்கே எழுவாய் பொருளாக இல்லை, ஆளாக இருந்தது. சுவர் சாட்சி சொல்லவில்லை, வீட்டுக்குள் இருந்தவர் சொன்னார். இதே வேலையை வாட்டர்ஃபோர்டில் தலைகீழாகச் செய்ய முடியும் என்று நினைக்கிறேன். அங்கே வீடுகள் இருக்கின்றன, ஆட்கள் இல்லை. 1880இன் பள்ளிப் பெயர்கள் கையில் இருக்கின்றன. அதே வருஷத்து மக்கள்தொகைக் கணக்கும் இருக்கிறது, 1900க்கும் 1910க்கும் இருக்கிறது. பள்ளி மூடிய 1957இல் கடைசி வகுப்பில் இருந்தவர்களில் இன்றும் இருப்பவர்களுக்கு எழுபது, எண்பது வயதுக்குள்தான் இருக்கும். வாஷிங்டனிலோ, பால்டிமோரிலோ, அதற்கும் அப்பாலோ போய்க் கதவு தட்டினால் அவர்களுடைய ஆறாவது கூறு என்ன என்று கேட்டு எழுதலாம். வட்டாரத்தின் வரைபடத்தை அதற்குப் பிறகு எங்கே முடிப்பது என்பதையும் அவர்களிடமே கேட்கலாம்.